நைனா சேர்த்துத் திருப்பிய சாவி

பல் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டீசல் வாசனை. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்த என் நைனா, புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலத்தில் துணி சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவிவிட்டு வந்து, என் வாயிலிருந்து கழற்றிய ரோஸ் நிற பிளேட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதன் நடுவிலிருந்த கடுகளவு துளைக்குள் ஒரு குட்டிச் சாவியை நுழைத்துக் கால் சுற்று திருப்புவார். பிறகு குடத்துத் தண்ணீரில் அலசித் தருவார். எவ்வளவு அலசினாலும் அந்த டீசல் போகாது. அதை அப்படியே மேலண்ணத்தில் அழுத்தி மாட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் எச்சில் விழுங்காமல் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு அப்போது பத்து வயது. மேல்வரிசைப் பற்கள் உதட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தன. எங்கள் தெருவில் அதற்கு 'எத்துப்பல்லு' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் என்னையே 'தேங்கா துருவி' என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு அதில் பெரிய கவலை கிடையாது, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிட்டு வருபவளுக்குப் பல்லைப் பற்றி நினைக்க நேரமும் கிடையாது. நைனாதான் ஒருநாள் நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ராயபுரத்தில் மருந்துக்கடை மாடியிலிருந்த பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அந்த அம்மாள் என் வாயைத் திறந்து பார்த்து, மேல்தாடை குறுகலாக இருக்கிறது, பல்லெல்லாம் நிற்க இடமில்லாமல் முன்னால் வந்துவிட்டது, வளர்கிற வயதானதால் பிளேட்டுப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துவிடலாம் என்று பொறுமையாகச் சொன்னார். "இப்ப விட்டுட்டீங்கன்னா அப்புறம் பல்லுமேலயே ஒட்டுற கிளிப்புதான் போடணும். அதுக்கு நல்ல பல்லு ரெண்டோ நாலோ எடுக்க வேண்டி வரும்" என்றும் சொன்னார். நைனா அந்தக் கடைசி வாக்கியத்தை வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல பல்லைப் பிடுங்க விடக்கூடாது என்பது அன்றைக்கே அவர் மனதில் விழுந்துவிட்டது.

அது மீன்பிடித் தடைக்காலம். அப்போதெல்லாம் நாற்பத்தைந்து நாள். படகுகள் எல்லாம் துறைமுகத்தில் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பெண்கள் அதற்காகவே எரிச்சலோடு இருப்பார்கள். எனக்கும் கோடை விடுமுறை. பிளேட்டு வாயில் இருந்தால் 'ச' சரியாக வராது, சட்டை ஷட்டை ஆகிவிடும், எச்சில் ஒழுகும். ஆனால் கேட்பதற்கு நைனாவும் அம்மாவும் தவிர யாரும் இல்லாததால் அது ஒரு பொருட்டாகவே இல்லை. சாவி நைனாவின் பொறுப்பு. அம்மாவுக்கு அந்தத் துளை கண்ணுக்குத் தெரியாது. என்னிடம் கொடுக்க நைனாவுக்கு மனமில்லை. "கொயந்த கையில குடுத்தா தொலைச்சிடும்" என்று சொல்லி, சாவியை ஒரு கயிற்றில் கோத்துச் சாமி படத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். ஆறு வாரத்தில் முன்பல் இரண்டுக்கும் நடுவே நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அப்படி விழுந்தால் வேலை நடக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தபடியால், நைனா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னை "ஆ காட்டு" என்று காட்டச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

தடை முடிந்தது. முதல் 'தங்கல்' பதினைந்து நாள். கடலுக்குப் போனால் கரைக்கு வராமல் அங்கேயே தங்கிப் பிடித்துக்கொண்டு வருவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். தங்கலுக்குப் போகும் வீட்டில் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பிவிடுவது வழக்கம். படகில் ஐஸ், டீசல், தண்ணீர், அரிசி, வெங்காயம் எல்லாம் பதினைந்து நாளைக்குக் கணக்காக ஏறும். வீட்டிலும் அதே கணக்குதான். நைனா டிரம்மெல்லாம் லாரித் தண்ணீர் பிடித்து வைப்பார், அடுப்புக்கு மண்ணெண்ணெய் வாங்கி வைப்பார், என் பென்சில்கள் பதினைந்தையும் சீவி டப்பாவில் வரிசையாக அடுக்கி வைப்பார், ஒரு நாளைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கும் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியாகக் கை கழுவிக்கொண்டு வந்து என் பிளேட்டை வாங்கினார். பதினைந்து நாளில் இரண்டு புதன், இரண்டு ஞாயிறு. சாவியை நுழைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சேர்த்துத் திருப்பினார்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "இன்னாயா, டாக்டரம்மா ஒண்ணொண்ணாதானே திருப்பச் சொல்லிச்சி?"

"நான் வர்ற வரிக்கும் யாரு திருப்புவா? பல்லு சும்மா கெடக்கும். நாலையும் போட்டு வுட்டா அது பாட்டுக்கு நவந்துகினு இருக்கும்."

இதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. எனக்கும்தான்.

அன்று பிளேட்டு உட்கார மறுத்தது. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மாட்டினேன். இரண்டு நாள் கஞ்சி மட்டும் குடித்தேன், தலை வரை வலித்தது. மூன்றாம் நாள் வலி போய்விட்டது. இதை நான் இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும்: மூன்றாம் நாள் வலி போய்விட்டது, பிளேட்டும் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

நான்காம் நாள் பள்ளி திறந்தார்கள். முதல் பாடவேளையிலேயே டீச்சர் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார். இரண்டு வரி வாசித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் என் 'ஷ'வைத் திருப்பிச் சொன்னாள், வகுப்பு சிரித்தது, டீச்சரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இடைவேளையில் குழாயடிக்குப் போய்ப் பிளேட்டைக் கழற்றி அலசி, டப்பாவில் போட்டு மூடினேன். அதோடு சரி. பதினோரு நாள் அது டப்பாவை விட்டு வெளியே வரவில்லை. மீன் விற்றுவிட்டு வந்த களைப்பில் அம்மா தினமும் ஒருமுறை "போட்டுகினியா?" என்று கேட்பாள். வாயைத் திறக்காமல் "ம்" என்பேன்.

நைனா கரை வந்த அன்று குளிக்கக்கூட இல்லை. வாசலிலேயே நின்று "ஆ காட்டு கண்ணு" என்றார். காலையிலேயே நான் அதை மாட்டிப் பார்த்திருந்தேன். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. விட்ட பதினோரு நாளில் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டிருந்தன, பிளேட்டு மட்டும் விரிந்தபடி இருந்தது. நைனா அதைப் பார்த்தார். உடனே தன் கையைத்தான் பார்த்தார். முகத்தில் உப்பு காய்ந்து வெள்ளையாகக் கிடந்த அந்தக் கோலத்திலேயே என்னை ராயபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா எத்தனை முறை திருப்பினீர்கள் என்று கேட்டார். "நாலு. ஒரே வாட்டில" என்றார் நைனா, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல எழுந்து நின்றுகொண்டு. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "டெய்லி போட்டிருந்தியாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டல்தான். அதைவிடப் பெரிய பொய் எதுவும் நான் வாழ்க்கையில் சொன்னதில்லை, அதற்கு வாயைத் திறக்கவும் இல்லை.

"இது டீசல் டேங்க் இல்லீங்க, மொத்தமா ரொப்பி வைக்கிறதுக்கு. பல்லு அது வேகத்துலதான் நகரும்" என்று டாக்டரம்மா சொன்னார், திட்டாமல்தான் சொன்னார். புதிதாக அச்செடுத்து வேறு பிளேட்டு செய்யலாம் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "போதும். நீ அது வாயில கை வெச்சது போதும்." புதுப் பிளேட்டு செய்யவே இல்லை. சாவி மட்டும் ஆணியில் இன்னும் கொஞ்ச காலம் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அம்மா அதை விடவே இல்லை. கல்யாண வீட்டு போட்டோவில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் நைனாவுக்குப் பேச்சு விழும். நான் கரும்பு கடிக்கக் கஷ்டப்பட்டால் பேச்சு விழும். நைனா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொள்வார். நானும் கேட்டுக்கொள்வேன். முதல் வருடம் உண்மையைச் சொல்லிவிடத் தோன்றியது, அப்புறம் அதுவும் இல்லை. வானொலிச் செய்தி போல அது தினமும் வந்து போகும்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, இருபத்தொரு வயதில் ஒட்டுக் கிளிப் போட்டுக்கொண்டேன். டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னது அப்படியே நடந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு, நோய் ஒன்றும் இல்லாத நான்கு பற்களை எடுக்க வேண்டியிருந்தது. முதல் இரண்டை எடுத்த நாளில் ஊசி போட்டு உதடும் கன்னமும் மரத்துப் போயிருந்தன, என் உதட்டை நானே கடித்து ரத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் நைனாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே வந்ததும் என்னைப் பார்த்துவிட்டு அம்மா நைனாவிடம் சொன்னாள்: "பாத்துக்கோ. உன் கையாலதான் நாலு பல்லு போவுது." நைனா எழுந்து போய்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டார். வாயில் பஞ்சு இருந்ததால் நான் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பஞ்சு இல்லை. அப்போதும் பேசவில்லை.

இரண்டு வருடம் மாதாமாதம் கம்பியை இறுக்கினார்கள். கம்பி கன்னத்தைக் குத்தினால் அதன்மேல் மெழுகு ஒட்டிக்கொள்வேன். கடைசியில் கிளிப்பைக் கழற்றிவிட்டு, பல் மறுபடி நகராமல் இருக்க ராத்திரியில் மாட்டிக்கொள்ள இன்னொரு பிளேட்டுக் கொடுத்தார்கள். அதை ஒருநாள் தவறாமல் போட்டேன். இன்றைக்கு என் பல்லைப் பார்ப்பவர்கள் அழகு என்றுதான் சொல்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டால், கண்ணாடியில் வேறு யாருடைய வாயோ போல இருக்கிறது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அம்மா மூன்று வருடத்துக்கு முன்னால் சர்க்கரை நோயில் போய்விட்டாள். நைனா இப்போது கடலுக்குப் போவதில்லை, திருவொற்றியூரில் எங்களோடு இருக்கிறார். காசிமேட்டு வீடு இல்லை, அந்தச் சாமி படமும் ஆணியும் இல்லை, டாக்டரம்மாவின் மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. பல் மருத்துவமும் மாறிவிட்டது. கம்பியே இல்லாமல் கண்ணாடி மாதிரி உறைகளை மாட்டிப் பல்லை நகர்த்துகிறார்கள், வாயை அச்செடுக்கப் பசை வேண்டாம், கேமரா போதும். ஆனால் போன மாதம் என் மகள் யாழினிக்குக் கொடுத்தது மட்டும் அதே ரோஸ் பிளேட்டும் அதே குட்டிச் சாவியும்தான். அவளுக்கு ஒன்பது வயது. சாவியை எடுத்துக்கொண்டு அவள் நேராகத் தாத்தாவிடம் ஓடினாள்.

நைனா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "தாத்தா கை வோணாம்மா. இத்த உங்கம்மாகிட்ட குட்றா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கையை மட்டும் முன்னால் கொண்டுவரவில்லை.

அப்போதுதான் சொன்னேன். யாழினி கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.

"நைனா, அன்னிக்கு நான் பிளேட்டே போடல. ஸ்கூல்ல சிரிச்சாங்கன்னு பதினோரு நாளு டப்பாலயே போட்டு வெச்சிருந்தேன். நீ திருப்புனதால இல்ல."

சொல்லிவிட்டால் ஏதாவது ஆகும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நைனா முகத்தில் கோபம் தெரியவில்லை. எழுந்து பின்பக்கம் போனார், குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து யாழினியிடமிருந்து பிளேட்டை வாங்கி, உள்ளங்கையில் வைத்து, சாவியை நுழைத்தார். துளை கிடைக்க நேரமானது. கால் சுற்று திருப்பிவிட்டுச் சாவியை வெளியே எடுத்துவிட்டார். அவர் கையில் இப்போது டீசல் வாசனை இல்லை, சோப்பு வாசனைதான் அடித்தது.

பிளேட்டை யாழினியின் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உங்கம்மா இர்ந்தப்பவே இத்த சொல்லிருக்கலாமே கண்ணு."