மல்லிகா கேட்டதை நான்தான் வெட்டினேன்

மல்லிகாவின் கேள்வியை வெட்டி எறிந்தவள் நான்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தே ஒரு பொய்யும் சொன்னேன். இதுவரை ஒருவரிடமும் இதை நான் சொன்னதில்லை.

நீங்கள் அந்தக் காணொளியைப் பார்த்திருக்கவும் கூடும். கள்ளக்குறிச்சியில் என் கணவரின் ஹார்டுவேர் கடைக்கு மேலுள்ள அறையிலிருந்து நான் நடத்தும் இணைய வகுப்பு அது. மரபணு வரிசைகளைக் கணினியில் படித்து ஒப்பிடுவது எப்படி என்று, ஒன்றும் அறியாதவர்களுக்குத் தமிழில் சொல்லித் தருகிறேன். 'அறிவியல் எல்லோருக்கும்!' என்று முகப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன். எல்லோருக்கும்... எவ்வளவு பெரிய வார்த்தை!

அன்றைய பாடம், இரத்தத்தைச் சிவப்பாக்கும் புரதத்தின் மரபணு. நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் நீண்ட வரி. நலமானவரின் வரியையும் நோயாளியின் வரியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டினேன். 'ஏ' இருக்க வேண்டிய ஓரிடத்தில் 'டி'. அந்த ஓரெழுத்தால் சிவப்பணு அரிவாளாய் வளைகிறது. இரத்தக் குழாயை அடைக்கிறது. எலும்பைப் பிளக்கும் வலி, மஞ்சள் பூத்த கண்... பழங்குடி மக்களிடையே அதிகம் காணப்படுவது என்ற தகவலையும் சேர்த்துக்கொண்டேன். தகவல்!

அப்போதுதான் மல்லிகா மைக்கைத் திறந்தாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர் அவளுக்கு. வீட்டில் சிக்னல் கிடைக்காமல் மேட்டுப் பாறையில் உட்கார்ந்து படித்த கல்லூரிப் பெண். காற்று இரைய இரையக் கேட்டாள்:

"மிஸ், எங்க அண்ணனுக்கும் இப்டித்தான் மிஸ். கண்ணு மஞ்சளாப் பூடுது. கை காலெல்லாம் வலிச்சி அழுவுறான். இதுவா இருக்குமா?"

நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"அண்ணன் குடிப்பாரா?"

கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்துப் பலர் செத்த பிறகு, மலை என்றாலே எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சாராயம்தான் நினைவுக்கு வரும். படித்தவளான எனக்குமா! திரையில் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக முளைத்தன. 'மலைச் சரக்கு மிஸ்' என்று ஒருவன் எழுதினான். நானும் சிரித்தேன்.

"அவன் பீடிகூடத் தொட மாட்டான் மிஸ்..."

அவள் முடிப்பதற்குள் ஒலியை அடைத்தேன். பாடம் தாமதமாகிறதாம்! அன்று மாலையே அந்தப் பகுதியை நீக்கிவிட்டுக் காணொளியை ஏற்றினேன். வகுப்பின் ஓட்டம் கெடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டமாம், ஓட்டம்! என் சிரிப்பு வெளியே தெரியக் கூடாது என்பதுதானே உண்மை? பாராட்டுகள் குவிந்தன. மல்லிகா அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில், பேருந்து நிலையத்தில் அவளே என்னை அடையாளம் கண்டாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்தபடி அண்ணன் கோவிந்தன்.

"வெளியூர்ல ரத்தம் டெஸ்ட் எடுத்தோம் மிஸ். நீங்க பாடத்துல சொன்னீங்களே, அதேதான். இங்க காட்டுறப்பல்லாம் குடிய வுடுன்னு திட்டி அனுப்பிக்கினே இருந்தாங்க. இப்ப இடுப்பு எலும்பு செத்துப்போச்சின்றாங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கக் கூடாதா? என் முகத்தில் காறி உமிழ்ந்திருக்கக் கூடாதா! ஒரு சிறு இரத்தப் பரிசோதனை... 'உடனே எடுத்துப் பாரம்மா' என்று அன்று நான் சொல்லியிருந்தால்?

"அந்த வீடியோவ எங்க அண்ணிக்குக் காட்டலாம்னு பாத்தேன் மிஸ். நான் கேட்டது மட்டும் அதுல இல்லியே, இன்னா ஆச்சி?"

"உங்க பக்கம் சிக்னல் சரியா இல்லல்ல... ரெக்கார்டு ஆகியிருக்காதும்மா."

"ஆமா மிஸ், எங்க மலையில அப்டித்தான்."

நம்பிவிட்டாள்! என் வெட்டுக்கு அவள் மலையின்மேல் பழி போட்டேன். அவளும் அதை ஏற்றுக்கொண்டாள்.

பேருந்து வந்தது. கோவிந்தன் படியில் கால்வைக்க முடியாமல் தடுமாறினான். நடத்துநர் கத்தினார்: "யோவ், காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டியா? எறங்கு, எறங்கு!"

என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்ன திமிர்! வலியில் துடிக்கும் மனிதனைப் பார்த்து எத்தனை பேர்தான் இதையே கேட்பார்கள்? மருத்துவம் படித்தவர்கள் கேட்டார்கள், இவர் கேட்கிறார்... ஆனால் நான் வாய் திறந்தேனா? இல்லை. எந்த முகத்தோடு திறப்பேன்?

மல்லிகாதான் மருத்துவச் சீட்டை அவர் முன் நீட்டினாள். "குடி இல்லண்ணே, ரத்தத்துல நோவு. பொறக்கறப்பவே வந்தது" என்று, ஏறி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பார்க்க, கெஞ்சாமல் சொன்னாள். உள்ளே யாரோ சிரித்தார்கள். அண்ணனை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். வெட்கமில்லாமல் அசைத்தேன்!

வெட்டிய பகுதி என் கணினியில் பத்திரமாக இருக்கிறது. அவள் கேட்டது, நான் கேட்டது, என் சிரிப்பு... எல்லாம் தெளிவாக. அதைச் சேர்த்து மறுபடி ஏற்றப் பெரிய வேலை ஒன்றுமில்லை.

இன்னும் ஏற்றவில்லை.