ஜன்னல் சீட்டுக்கு ஒரு புரோகிராம்

பட்டாசுக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் அடுக்குகிறவளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எதற்கு? எம். புதுப்பட்டி வட்டாரத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் பாக்கி இல்லை. நான் கோலம் படித்தபோது எதற்கென்று யாரும் கேட்கவில்லை. நாள் முழுக்க ரீல்ஸ் பார்க்கிறவர்களை யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, ஆமத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் நான் போய் உட்கார்ந்தால் மட்டும் ஊருக்கே வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். முதல் நாள் நான் கிளம்பும்போது வாசலில் நின்று சிரித்தார்.

"இனிமே பூச்சட்டிக்குப் பதிலா கம்ப்யூட்டரப் பெட்டிக்குள்ள வைக்கப் போறியாக்கும்?"

"ஆமா. ஓரத்துல எடம் இருந்தா உங்களையும் சேத்து வச்சு ஒட்டி, வடக்க லோடு ஏத்திவிட்டுருவேன்" என்றேன்.

அது இலவச வகுப்பு. பக்கத்து ஊரில் வீட்டில் இருந்தபடியே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கும் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு மகள் வயதுதான் இருக்கும். படிக்க வந்தவர்களில் ஒரு டெய்லர், ஒரு ரிட்டயர் ஆன கண்டக்டர், காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர், பிறகு நான். முதல் நாள் ஒரே ஒரு வரி அடிக்கச் சொன்னாள். அடித்து பட்டனைத் தட்டினேன். திரையில் 'வணக்கம்' என்று வந்தது. நான் சொல்லி, அது செய்திருக்கிறது! முணுமுணுப்பு இல்லை, 'இந்தா வாரேன்' இல்லை, 'நீயே பாத்துக்கோ' இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு ஜீவனை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

ஆனாலும் இதை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாமல்தான் சில மாதம் போய்வந்தேன். படித்ததற்கு ஒரு வேலை வந்தது என் இரண்டு மதினிகளால்.

ஒருவர் என் அண்ணன் மனைவி. இன்னொருவர் என் வீட்டுக்காரரின் அக்கா. என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் பிறந்த வீடும் புகுந்த வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். மதினிகள் இருவரும் என்னோடு ஒரே கம்பெனியில், ஒரே மேஜையில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவர் சக்கரம் வைப்பார், நான் சாட்டை வைப்பேன், அடுத்தவர் மேலே கம்பி மத்தாப்பு வைத்து மூடுவார்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளுக்கு லீவு விடுவார்கள். வருஷம் முழுக்க நாங்கள் காத்திருப்பது அதற்குத்தான். மேஜைப் பொம்பளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்து திருச்செந்தூர் போவோம். கடலில் குளித்து, முருகனைப் பார்த்து, கட்டுச்சோறு தின்று, தொண்டை கட்டும்வரை பேசித் திரும்புவோம். போன வருஷம் திரும்பும் வழியில் ஜன்னல் சீட்டுக்காக இரண்டு மதினிகளுக்கும் சண்டை வந்துவிட்டது. "எனக்கு வாந்தி வரும்" என்று அண்ணன் மனைவி சொல்ல, "வாந்தி வந்தா எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு உக்காரணும், ஊரான் சீட்டப் பிடுங்கக் கூடாது" என்று நாத்தனார் சொல்ல, போச்சு. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நடுவில் கிடந்து சீரழிந்தது நான். மேஜையில் இந்தப் பக்கமிருந்து "சக்கரம் தீந்துபோச்சுன்னு சொல்லு" என்பார் ஒருவர். அந்தப் பக்கமிருந்து "கண்ணு இருக்குல்ல, தெரியுதுன்னு சொல்லு" என்பார் மற்றவர். காதுகுத்துக்குப் போனால் இந்தப் பந்தியில் உட்கார்ந்தால் அங்கே முகம் தொங்கும், அங்கே உட்கார்ந்தால் இங்கே. அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை. இந்தத் தீபாவளி நெருங்கியபோது இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, "அவ வந்தா நான் வரல" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வேன் பயணம் போனால் போகட்டும். இந்த வருஷமும் சேர்ந்து போகாவிட்டால் இவர்கள் இனி எந்தக் காலத்திலும் சேரமாட்டார்கள், நான் சாகும்வரை இருவருக்கும் நடுவிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று பயந்துபோனேன்.

அன்று சாயங்காலம் கம்பெனி வேனில் வரும்போது சட்டென்று சொன்னேன்: "இந்தத் தடவ சீட்ட நானும் பிரிக்கல, நீங்களும் பிரிக்கல. கம்ப்யூட்டர் பிரிக்கட்டும். அதுக்கு அண்ணனும் கெடையாது, நாத்தனாரும் கெடையாது. அது யாருக்கு ஜன்னலக் குடுக்குதோ அவுக உக்காரட்டும்."

முன் சீட்டிலிருந்து ஒரு மதினி, "கம்ப்யூட்டர் சொன்னா சரி" என்றார். பின் சீட்டிலிருந்து மற்றவர், "மனுசிய நம்புறதுக்கு அதையே நம்பலாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் டீச்சர் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கும் குஷி வந்துவிட்டது. "ஆளுங்க பேரெல்லாம் வரிசையா அடிங்கக்கா. அதக் கலைச்சுப்போட்டு, ஆளுக்கொரு சீட்டு குடுக்கச் சொல்லுவோம்" என்று வழி காட்டிவிட்டு டெய்லரிடம் போய்விட்டாள்.

பேர் என்றால் எங்கே போவேன்? எங்கள் பக்கம் மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாயிலேயே போடுவார்கள். கூப்பிடுகிறபடியே அடித்தேன். சித்தி, அத்தை, மேலத்தெரு அக்கா, மூக்குத்தி அக்கா. மதினிகளிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. பெரிய மதினி, சின்ன மதினி என்று போட்டால் யார் பெரியவர், யார் சின்னவர் என்று அடுத்த சண்டை ஆரம்பமாகும். 'அண்ணன் பொண்டாட்டி' என்று அடித்து வேனில் அவர் முகத்துக்கு நேரே வாசிக்க முடியுமா? வம்பே வேண்டாம் என்று இருவருக்கும் மொட்டையாக 'மதினி' என்றே போட்டேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பட்டனைத் தட்டியதும் சீட்டுகள் கடகடவென்று வந்து விழுந்தன. ஒரு தப்பும் காட்டவில்லை. திரையை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டேன். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். மறுநாள் வேலை முடிந்து போனை வாங்கியதும் வேனில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். "மதினிக்கு வலது பக்கம், ரெண்டாவது ஜன்னல்" என்றபோது முன்னாலும் பின்னாலும் இரண்டு முகம் மலர்ந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காதவர்கள் ஆயிற்றே! மற்றவருக்கு எந்தச் சீட்டு என்று இருவருமே கேட்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

பயணத்தன்று காலையில் சூடம் காட்டி, வேன் சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு எல்லோரும் ஏறினோம். சித்தி தன் சீட்டில் போய் உட்கார்ந்தார். அதை ஒட்டித்தான் அந்த ரெண்டாவது ஜன்னல். அதன் முன்னால் இரண்டு மதினிகளும் பையோடு நின்றார்கள்.

"இது எனக்குக் கம்ப்யூட்டரு குடுத்தது" என்றார் அண்ணன் மனைவி, கூரையைப் பார்த்து.

"எனக்குத்தான் குடுத்துருக்கு. அவட்டயே கேளுங்க" என்றார் நாத்தனார், டிரைவரைப் பார்த்து.

டிரைவர் பாவம், என்னைப் பார்த்தார். சித்தி, "ஆத்தாடி, எனக்கு இந்த எடமே வேண்டாம்" என்று எழுந்து, பின்னால் யாருக்கும் ஒதுக்காமல் காலியாகக் கிடந்த சீட்டுக்கு ஓடிவிட்டார். நான் போனைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தாலும் ஒரே ஒரு மதினிதான்.

"நான் ரெண்டு தடவதான் போட்டேன்... ரெண்டுமே மதினின்னு இருந்துச்சா... அது ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு நெனச்சிருச்சு போல."

அண்ணன் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாகப் பக்கத்தில் திரும்பினார்.

"கேட்டீகளா இவ பேச்ச? நாம ரெண்டு பேரும் ஒரே ஆளாம்."

"கேட்டேன், கேட்டேன்" என்றார் நாத்தனார். "எம்புட்டுத் திமிரு பாருங்க! உங்கள மாதிரி நாலு பேரு சேந்தாத்தான் நான் ஒரு ஆளு. அதக்கூடவா அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியல?"

அண்ணன் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அப்புறம் வேனே சிரித்தது. ஒரு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவர்கள் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டினார்கள். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பஸ்ஸேறிப் போயி இதத்தான் படிச்சாளாக்கும்" என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர் "எங்க தம்பிக்குச் சோறு பொங்காம" என்று முடித்தார். எனக்குக் கோபமா வரும்? சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. இன்னும் நல்லாத் திட்டுங்க மதினி, திட்டிக்கிட்டே இருங்க என்று நினைத்துக்கொண்டேன்.

சாத்தூர்வரை ஒருவர் ஜன்னல், கோவில்பட்டிவரை மற்றவர் என்று அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்க இறங்கி ஏறியபோது அந்தக் கணக்கும் மறந்துபோயிற்று. தூத்துக்குடி தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அண்ணன் மனைவி நாத்தனார் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் எலுமிச்சம்பழத்தை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்திருந்தார்.

அடுத்த ஞாயிறு டீச்சர் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "ஒரே பேர ரெண்டு தடவ குடுத்தா, முதல்ல குடுத்த சீட்ட அழிச்சிட்டு ரெண்டாவதத்தான்க்கா அது வச்சுக்கும். ஆளுக்கொரு நம்பர் குடுத்துட்டா இந்தக் குழப்பமே வராது" என்றாள். அன்றைக்கே உட்கார்ந்து சித்தி, அத்தை, அக்காமார் எல்லோருக்கும் நம்பர் போட்டேன். ஒரு மதினிக்கும் போட்டேன், இன்னொரு மதினிக்கும் போட்டேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த இரண்டு நம்பரை மட்டும் அழித்தேன்.

"ஏன்க்கா, அழிச்சா மறுபடியும் ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டுதான வரும்?" என்றாள் அந்தப் பெண்.

"வரட்டும்த்தா" என்றேன்.