சீரில் போன மூன்று பெட்டிகள்

திருநெல்வேலி ஜங்ஷனில் ஓர் ஆடியோ கடை. மர ஸ்டூலில் என் தங்கை கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே டி.வி.க்கு இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, வலப்பக்கம் ஒன்று, நடுவில் படுக்க வைத்த ஒன்று. கடைக்கார அண்ணாச்சி போட்ட சி.டி. தட்டில் யாரோ ஒருவர் பேசிக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போகிறார். தங்கை கண்ணைத் திறந்து, "அண்ணே, நடுவுல வரும்போது மட்டும் வேற ஆளு பேசுத மாதிரி இருக்கு" என்கிறாள். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அவளை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் அந்த மூடிய கண்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அவளுடைய கல்யாணச் சீருக்காகத்தான் போயிருந்தோம். அப்பா இல்லாத வீடு. பேட்டையில் ஒரு பட்டறையில் மேற்பார்வை வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தலையில்தான் எல்லாப் பொறுப்பும். கட்டில், பீரோ, பாத்திரம் என்று எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா, "பையனுக்கு வீட்டுலயே தியேட்டர் மாதிரி சத்தம் வைக்கணும்னு ஆசை" என்று மெதுவாக எடுத்து விட்டார். ஹோம் தியேட்டர் என்ற சொல்லே எங்கள் தெருவுக்குப் புதிது. சீர் என்றால் பத்துப் பேர் பார்வைக்கு வரிசையாக வைப்பது. அதனால் பெட்டியின் மரக் கலர் பீரோவோடு ஒத்துப்போகிறதா என்று மட்டுமே நான் பார்த்தேன். இடமும் வலமும் ஒரே கம்பெனி, நடுப்பெட்டி வேறு. "நடுப்பெட்டி பேச்சுக்கு மட்டுந்தான் வே, எது போட்டாலும் ஓடும்" என்றார் அண்ணாச்சி. தங்கை விடவில்லை. உள்ளறையில் இருந்தபடியே தெருவில் வருவது யாருடைய பைக் என்று சொல்லிவிடுகிறவள் அவள். "தங்கச்சிக்குப் பாம்புக் காதுல்லா" என்று அண்ணாச்சி சிரித்தார். அவள் சொன்னதற்காக மூன்று தடவை அந்தக் கடைக்கு நடந்தோம். மூன்றாம் தடவை, மதுரையிலிருந்து அதே கம்பெனியின் நடுப்பெட்டியை வரவழைத்திருந்தார். கேட்டுவிட்டு, "இப்பதான் ஒரே ஆளு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

கடையிலிருந்து திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் வைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை எங்களிடம் அவ்வளவு பணிவாகப் பேசியவர். அவர்கள் கிளம்பும்போது இவள் தெருப்பக்கத்து ஜன்னல் அருகில் நின்றிருக்கிறாள். "வீட்டுக்குள்ள பேசுன குரலு வேற, வெளிய வேன்காரர்ட்ட பேசுன குரலு வேற. அவங்க அம்மாட்ட பேசுனது அதுக்கு மேல. ஒரே ஆளு மாதிரியே இல்லண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏட்டி, பத்திரிக்கை அடிச்சுக் கொடுத்தாச்சு. குரல் சரியில்லைன்னு யாராவது மாப்பிள்ளய வேண்டாம்னு சொல்லுவாவளா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்" என்றேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பயம் தெளிந்துவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

கல்யாணம் முடிந்து அவர்கள் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் "வாங்க மச்சான்" என்று வாசலுக்கே வந்து கூட்டிப்போவார் மாப்பிள்ளை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மூன்று பெட்டியும் ஒரே மாதிரி கணீரென்று பாடும். அதைக் கேட்டு நானும் சந்தோஷமாகத் திரும்பி வருவேன். மூன்றாம் வருஷம் தங்கை ஒரே ஒரு பையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஏன் என்று அவள் வாய் திறக்கவில்லை. சாமான்களைத் திரும்ப எடுக்கப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அடிக்கப் போறாம்னா முதல்ல பாட்டத்தான் சத்தமா வைப்பான். அந்தப் பிள்ள கத்துனாலும் எங்களுக்குக் கேக்காதுய்யா." பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவள் காதை நம்பி மதுரையிலிருந்து பெட்டி வரவழைக்க வைத்தவன் நான். அதே காது மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது வாயை அடைத்தவனும் நான்தான். இதற்கு என்ன சமாதானம் சொல்லியும் என் மனது ஆறவில்லை.

தங்கை ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூட வேலைக்குப் போய், தனியாகவே இருந்து, இப்போது ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டாள். அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு தடவை சொல்லிக் காட்டியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அவள் சொல்லவேயில்லை.

சென்ற மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல வேலை, நல்ல குடும்பம். தங்கையையும் வரவழைத்திருந்தேன். அவர்கள் போனதும் அவளிடம், "பையன் பேச்சு எப்படிட்டி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்க? கட்டிக்கிடப் போறது உன் மவ. அவகிட்ட கேளு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கேட்டுட்டு, அவ சொல்லுததக் கேளு" என்றாள்.

மகள் அடுப்படியில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவளே திரும்பிப் பார்த்து, "எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன்.