அரைஞாணில் ஒரு சாவி

ஆஸ்பத்திரித் தாதி ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் தந்தாள். உள்ளே, அத்தானின் உடலிலிருந்து வெட்டி எடுத்த கறுப்பு அரைஞாண். அதில் கோத்தபடி ஒரு சின்ன இரும்புச் சாவி. எதனுடையது என்று கேட்டாள். தெரிந்திருந்தும், பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டில், அம்மருட் என்ற புறநகரில், ஒன்பதாம் மாடியில் குடியிருந்தவர். எல்லோரும் கோயில் தேருக்குப் போயிருந்த ஒரு நாள் கள்ளர் கதவை உடைத்து அக்காவின் நகை முழுவதையும் கொண்டுபோனார்கள். தேரன்று தமிழர் வீடுகளில் ஆளிருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். அத்தானுக்கு நகை பெரிதாகப் படவில்லை. உடைந்த கதவைத்தான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில், அவருடைய இருபதாவது வயதில், இப்படி உடைத்த கதவு வழியாகத்தான் அவர் அண்ணனை இழுத்துப்போனார்கள். அண்ணன் திரும்பி வரவேயில்லை. அன்று வெறுங்கையோடு பார்த்துக்கொண்டு நின்றவர் இவர். "இனி ஒருத்தனும் என்ர வாசலாலை ஒருத்தரையும் கொண்டுபோகேலாது" என்றார்.

இந்த நாட்டில் வீட்டுக் காவலுக்கென்று துவக்கு தரமாட்டார்கள். வேட்டைக்குத் தருவார்கள். கோழி உரிப்பதைப் பார்க்கவே சகியாத மனுஷன் வேட்டைப் பரீட்சை எழுதித் தேறினார். கடையில் ரைபிளை வேண்டாம் என்றுவிட்டார். குண்டு சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையில் பட்டுவிடும் என்ற பயம். காட்டுக்கோழி சுட என்று சொல்லி, சிதறு சன்னம் போடும் இரட்டைக் குழல் துவக்கொன்று வாங்கினார். பூட்டிவைக்கச் சட்டப்படி ஓர் இரும்பு அலமாரி. அதன் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு குளிக்கும்போதும் கழற்றமாட்டார். "அத்தானுக்குத் தாலி ஏறிட்டுது" என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறுகளில் பழகுவார். அலமாரியைத் திறப்பது, காதுமூடி போடுவது, தோட்டா ஏற்றுவது, நடைவழியில் போய் நிற்பது. கடிகாரம் பார்ப்பது நான். சுடப் பழகிய இடத்தில் காதுமூடி இல்லாமல் துவக்கைத் தொடவே விடமாட்டார்களாம். அதே ஒழுங்கு அவர் கைக்குப் படிந்துவிட்டது. அதிலிருந்த பிழை எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. "நல்லாய்ப் பழகிட்டியள்" என்று சொன்னவன் நான்தான்.

அந்த டிசம்பரில் ஒரு நாள் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடமும் இருந்தது. சொந்தத்துக்குள் மணி அடித்து வரும் வழக்கம் எங்களிடம் இல்லை. கோயில் பொங்கல் வாளியோடு கதவைத் திறந்து, "அத்தான், நான்தான்" என்று குரல் கொடுத்தேன். வாளியை வைத்துவிட்டுக் குனிந்து காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினேன். நிமிர்ந்தபோதுதான் நடைவழிக் கோடியில் அவரைக் கண்டேன். காதில் மூடி. இரண்டு குழலும் என் நெஞ்சுக்கு நேரே.

துவக்கு மெல்லத் தாழ்ந்தது. அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பூட்டிலை சாவி துழாவுற சத்தம் கேட்டு மூடியைப் போட்டிட்டன், நீ கூப்பிட்டது கேக்கேல்லையடா தம்பி. கள்ளன் சப்பாத்துக் கழட்டமாட்டான் எண்டுதான் விரலை எடுத்தனான்."

மறுநாளே துவக்கைப் போலீசில் ஒப்படைத்தார். அன்று நடந்தது எதுவும் அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. சாவியை மட்டும் அவர் சாகும்வரை கழற்றவில்லை.

செத்தவீடு முடிந்து, இன்று அந்த அலமாரியைத் திறந்தேன். வெறுமையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். நடுத்தட்டில் காதுமூடி இருந்தது. எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அக்கா வந்து அறை வாசலில் நின்று என்னவோ கேட்டாள். அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.