நல்ல கொழுப்பை நம்பிய சரவணக்குமார்

சரவணக்குமாருக்குச் சாமி மேல் இருக்கும் நம்பிக்கையைவிடத் தராசின் மேல் இருக்கும் நம்பிக்கை அதிகம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடமாகத் துணி சோதிக்கிறார். சாயப்பட்டறையிலிருந்து ரோல் ரோலாக வரும் துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் வைப்பார். துணியின் கனத்தைச் சொல்லும் அந்த எண்ணுக்கு ஜி.எஸ்.எம். என்று பெயர். கேட்ட எண் வந்தால் துணி உள்ளே. வராவிட்டால் முதலாளியே சிபாரிசுக்கு வந்தாலும் வெளியே.

இப்படிப்பட்டவர் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கிடைத்தால் என்ன ஆகும்? இரண்டு வருடத்துக்கு முன் அதுதான் நடந்தது. சர்க்கரை எகிறியிருந்தது, கெட்ட கொழுப்பும் கூடியிருந்தது. ஆனால் நல்ல கொழுப்பு அறுபத்திரண்டு! நாற்பதுக்கு மேல் இருந்தால் போதும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். நல்ல கொழுப்பு ரத்தக்குழாயைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்துவிடும் என்று செல்போனில் யாரோ பேசியதையும் கேட்டிருந்தார். பெருக்குகிறவன் இத்தனை பலசாலியாக இருக்கையில் குப்பையைப் பற்றி என்ன கவலை? கொழுப்பு மாத்திரையை அன்றோடு நிறுத்தினார். சர்க்கரை மாத்திரை, ஞாபகம் வந்தால் உண்டு. சாயங்கால டீயோடு பேக்கரி தேங்காய் பன் மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை.

“கொழுப்பு மாத்திரை இனி வேண்டாம்னு டாக்டரம்மாவே சொல்லிப்போட்டாங்க அம்மிணி” என்று மனைவி சித்ரகலாவிடம் கூசாமல் புளுகினார். வேறொரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் அவள் அதை அப்படியே நம்பினாள்.

போன மாதம் ஒருநாள் ரோலைத் தூக்கும்போது இடது மார்பில் சுருக்கென்றது. வாயு என்று விட்டுவிட்டார். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் வந்தபோது ரோலைக் கீழே வைத்துவிட்டார். கூட வேலை பார்த்த கிட்டுசாமி போன தை மாதம் வாயு, வாயு என்று சொல்லிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார். இவருக்கு ஐம்பது, அவருக்கும் ஐம்பதுதான்.

வீட்டில் சொன்னார். அடுத்த ஒரு மணி நேரத்தில் சித்ரகலா அவரை, மாத்திரை எழுதிக் கொடுத்திருந்த டாக்டர் தேஜஸ்ரீயின் முன்னால் உட்கார வைத்துவிட்டாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சர்க்கரை பார்க்க ரத்தமும் எடுத்தார்கள். பழைய சீட்டைப் புரட்டிய டாக்டர், “கொழுப்பு மாத்திரையை யாருங்க நிறுத்துனது?” என்றார்.

“நீங்கதானுங்களே மேடம்” என்றாள் சித்ரகலா.

சரவணக்குமார் மின்விசிறியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

“நல்ல கொழுப்பு அறுபத்திரண்டு இருந்துச்சுங்க, அதான்...” என்று இழுத்தார்.

“சர்க்கரை ரொம்ப நாளா கூடியே இருந்தா அது நல்ல கொழுப்பு மேலயும் ஒட்டிக்குமுங்க. அப்புறம் அளவு சரியா இருந்தாலும் அதால பழைய மாதிரி வேலை செய்ய முடியாம போயிரலாம். கெட்டதை வாரிட்டுப் போறதும் குறையும், ரத்தக்குழாயைக் காப்பாத்தறதும் குறையும். இந்தச் சீட்டு எவ்வளவு இருக்குன்னுதான் சொல்லும். ஒழுங்கா வேலை செய்யுதான்னு சொல்லாது.”

“ஜி.எஸ்.எம். கரெக்டா இருந்தும் ஒரு தடவை தொவைச்சா ரெண்டு இஞ்ச் சுருங்கிப் போற துணியாட்டங்களா?”

“துணியைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. ஆனா நீங்க சொல்றது சரியாத்தான் படுது” என்றார் டாக்டர்.

சரவணக்குமாருக்கு அவமானமாக இருந்தது. எடையைப் பார்த்துத் துணியைப் பாஸ் செய்து, முதல் சலவையிலேயே மொத்த லாட்டும் சுருங்கியது ஒரு காலத்தில் நடந்த கதை. அதிலிருந்து துவைத்துப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. பனியனுக்குக் காட்டிய அக்கறையில் பாதியை இந்த மனுஷன் தன் உடம்புக்குக் காட்டியிருக்கலாம்.

ஓடும் பெல்ட்டின் மேல் நடக்க வைத்தார்கள். மார்பெல்லாம் ஒயர். கிட்டுசாமியின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் செருப்பில்லாமல் நின்றது நினைவுக்கு வந்தது. வெளியே பெஞ்சில் சித்ரகலா உட்கார்ந்திருக்கிறாள் என்ற ஒரே எண்ணத்தில் காலை எடுத்து வைத்தார். சாகப் பயமாக இருந்தது. அவள் மறுபடி பேசுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

டாக்டர் தாள்களைப் பார்த்து முடித்தார். “இதயத்துல அடைப்பு இருக்கறதுக்கான அறிகுறி எதுவும் தெரியலைங்க. ரோல் தூக்குனதுல தசை புடிச்சிருக்கு. ஆனா சர்க்கரை இப்பவும் கூடுதலாத்தான் இருக்குது. ரெண்டு மாத்திரையும் இன்னைக்கே ஆரம்பிக்கோணும். அப்புறம், அறுபத்திரண்டுதான் காப்பாத்துச்சுன்னு கிளம்பிராதீங்க.”

சரவணக்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. போன உயிர் திரும்பி வந்ததில் கால் இரண்டும் லேசாக இருந்தன. சித்ரகலா மட்டும் மருந்துக் கடையிலும் பேசவில்லை, பஸ் நிறுத்தத்திலும் பேசவில்லை.

பஸ் நகர்ந்ததும் ஆரம்பித்தாள். “எங்கூட்டுக்காரருக்கு மாத்திரையே நின்னு போச்சுன்னு கம்பெனில எங்க தையல் லைன் பூராத்துக்கும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சனே! எனக்கு என்ன தெரியும்னு நெனச்சுப்போட்டீங்க? நீங்க போயிட்டா நான் யாரு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கறது?” முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. பன்னையும் விடவில்லை, பொய்யையும் விடவில்லை, கல்யாணத்துக்கு முன்னால் அவர் சொன்ன பொய் வரைக்கும் போனாள்.

மற்ற நாளாக இருந்தால் “பஸ்ஸுல பேசாத” என்று அடக்கியிருப்பார். இன்று ஒவ்வொன்றுக்கும் “ஆமா அம்மிணி, தப்புத்தான்” என்று தலையாட்டினார். வீரபாண்டி பிரிவு தாண்டியும் அவள் ஓயவில்லை. இறங்க வேண்டிய பல்லடம் இன்னும் பத்து மைல் தள்ளி இருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.