அக்காவுக்கு டி.என்.ஏ. விளக்கப் போன சங்கரன்கோவில் பயணம்

சங்கரன்கோவிலுக்கு வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் மறக்காத பயணம் 1983 மே மாதத்தது. அக்கா மகள் செல்வியை எனக்குக் கட்டிவைக்க நாள் குறித்திருந்தார்கள். அதை நிறுத்தத்தான் போனேன்.

மதுரையில் காலை 6.10க்குப் பஸ். ராஜபாளையம் வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய். எனக்கு அப்போது முப்பது வயது, கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவத்தைக் கண்டுபிடித்ததும் நான் பிறந்த வருடம்தான். அந்தப் பெருமையை வகுப்பில் அளக்காத நாளில்லை. அக்காவிடம் சொல்லப்போவதை வழிநெடுக ஒத்திகை பார்த்தபடி போனேன்.

"பொண்ணு பாக்கப் போறியளா அண்ணாச்சி? தனியா முணுமுணுக்கியளே," என்றார் கண்டக்டர்.

பத்து மணிக்கு இறங்கினேன். பஸ் நிலையத்திலிருந்து அக்கா வீடு பத்து நிமிட நடை. இட்லி சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தேன். ஒவ்வொரு செல்லிலும் உள்ள டி.என்.ஏ.வில் அப்பா தந்தது பாதி, அம்மா தந்தது பாதி. ஒன்றில் பழுதிருந்தால் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் இரண்டிலும் ஒரே பழுது வந்து சேரலாம். வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அக்கா வாசலைப் பார்த்தாள். மூத்த மகன் குமார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறவியிலேயே காது கேட்காதவன். அக்கா கட்டியிருந்தது எங்கள் தாய்மாமனை.

"அப்பம் எம்புள்ளைக்குக் காது கேக்காததுக்கு நாந்தான் காரணமாலே?"

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு காரணங்களும் உண்டு. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் என் வாதம் தளர்ந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணம் நின்றது. ஒன்றரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அக்கா வாசல்வரைகூட வரவில்லை.

மறு தையில் செல்விக்கு வாசுதேவநல்லூரில் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது, போனேன். தாய்மாமன் சீர்த்தட்டை எடுக்கக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "பொண்ணுக்கு நீங்க என்ன முறை வேணும்?" தெரிந்தவர் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். அவ்வளவு தனியாக நான் என்றும் இருந்ததில்லை.

இப்போது பஸ்கள் நிறைய. கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா நாட்களில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். ரத்தம் கொடுத்தால், பல நோய்களுக்கு எந்த மரபணுவில் பழுது என்று பார்த்துச் சொல்கிறார்கள். சொந்தத்தில் கட்டுமுன் போய்க் கேளுங்கள். அந்தக் கல்யாணத்தை நிறுத்தியதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

ஆனால் உறுதியாகத் தெரியாததை யாராவது கேட்டால், தெரியாது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். மதுரை வந்து சேர எனக்கு நான்கு மணி நேரம் இருந்தது. எந்த ஊரிலும் இறங்கித் திரும்பிப் போய், "தெரியாது அக்கா" என்று நான் சொல்லவில்லை.