சடையனின் வெள்ளிக்கிழமை எஞ்சின்

புதுச்சத்திரத்துக்குத் தெற்கே தங்கசாமியின் தோட்டத்தில் ஆயில் எஞ்சின் ஓட்டியவன் சடையன். பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை. எஞ்சினுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் பூவும் பொட்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டகைக்குள் போவான். நானும் அவனைக் கேலி செய்திருக்கிறேன். ஆனால் தொழில் தெரிந்தவன். அதில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த கோடையில் தங்கசாமி கிணற்றை ஆழப்படுத்தினார். பாறையில் ஊற்றுக்கண் திறந்துகொண்டது. எஞ்சின் ஓயாமல் இறைத்தால்தான் ஆள் கீழே நிற்கலாம்.

அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் வெட்டுக்காரர்கள் கஞ்சி குடிக்க மேலே ஏறினார்கள். அந்த நேரத்தில் சடையன் எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிப் பூட்டினான். டேங்கில் விளிம்பு வரை குரூடாயில் ஊற்றி மூடியை இறுக்கினான். சந்தனம் குழைத்து வழக்கம்போல் சக்கரத்துக்குப் பொட்டு வைத்தான். தேய்த்த மூடி பளபளவென்று இருந்ததால் அதற்கும் ஒன்று வைத்தான்.

தங்கசாமி மட்டும் மேலே வரவில்லை. மனுசனுக்குப் பொறுமை கிடையாது. பிளந்த பாறை ஒன்றைக் கடப்பாறையால் நெம்பப்போக, அது சரிந்து அவர் காலை அமுக்கிக்கொண்டது. கத்தல் கேட்டு ஆட்கள் இறங்கியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. கலங்கல் தண்ணீரில் கடப்பாறையை எங்கே கொடுப்பது? இடம் தவறினால் பாறை இன்னும் சரியும்.

“சடையா, எஞ்சினைப் போடு!”

வடிகட்டியைக் கழற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்றாமல் எஞ்சின் கிளம்பாது. சடையன் எஞ்சினுக்கு எண்ணெய் தள்ளும் பம்பின் மேல் திருகைத் தளர்த்தினான். முதலில் நுரை, பிறகு தெளிந்த எண்ணெய். திருகை இறுக்கிக் கைப்பிடியைச் சுற்றினான். எஞ்சின் பிடித்தது. கொட்டகைக்கு வெளியே என்னருகில் நின்ற வள்ளியாத்தாள், தங்கசாமியின் மனைவி, கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது.

மறுபடியும் திருகைத் தளர்த்தினான். நுரைதான் வந்தது. தீரவே இல்லை. எண்ணெய் நூலாக மெலிந்து சொட்டாகிவிட்டது. வடிகட்டியில்தான் கோளாறு என்று அதை இன்னும் இறுக்கினான்.

“மாருக்கு வந்துருச்சு!” என்று கிணற்றிலிருந்து குரல் கேட்டது.

“ஏனப்பா இப்புடிப் பண்றே? அந்த மனுசன் போயிருவாரே!” என்று வள்ளியாத்தாள் அலறினாள்.

“கொழாயில புடிச்ச ஏர் போகமாட்டேங்குதுங்க ஆத்தா!”

எனக்கு உள்ளே போய் அவனை அறையலாம் போலிருந்தது.

பதற்றத்தில், தானே நிரப்பிய டேங்கில் எண்ணெய் இருக்கிறதா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கீழே திருகிலிருந்து எண்ணெய் கொட்டியது. எண்ணெய் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போவதற்காக மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டு. அதன்மேல் அப்பியிருந்தது அவன் வைத்த சந்தனம்.

மூடியை வீசினான். நுரை தீரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, திருகை இறுக்கிச் சுற்றினான். இந்த முறை எஞ்சின் நிற்கவில்லை. தங்கசாமியின் கழுத்தைத் தொட்டிருந்த தண்ணீர் இறங்கியது. பாறையின் அடி தெரிந்ததும் நெம்பி அவரைத் தூக்கிவிட்டார்கள். கால் முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

ஊரே சடையனைக் கொண்டாடியது. கொட்டகைக்குள் அவன் கண்டது அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை வள்ளியாத்தாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். “என்ற புருசனைக் காப்பாத்துன சாமி. இன்னைக்கு நானே வெக்கறேன்” என்று விரலை நேரே மூடிக்குக் கொண்டுபோனாள்.

சடையன் மூடியைக் கையால் மறைத்தான். “இங்க வேண்டாங்க ஆத்தா.”

“ஏன்?”

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “நான் போயிறட்டுங்களா?” என்று கேட்டான்.

வள்ளியாத்தாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“நீ போயிட்டா, வாரவனுக்கு இந்த ஓட்டை தெரியுமா?”

விரலில் இருந்த சந்தனத்தைச் சக்கரத்தில் தீற்றினாள். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துத் துளையைப் பார்த்தாள். ஒருமுறை வாயால் ஊதினாள். பிறகு அவன் கையில் கொடுத்தாள்.

“எஞ்சினைப் போடு. ஆளுக கீழ எறங்கோணும்.”